ஒன்பதாம் அத்தியாயம் பற்றி ஒரு வாசகியின் கருத்து

மார்ச் 3

என் அருமைப் பெட்டிக்கு,

உன் ஊசி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். நூலகத்தில் உட்கார்ந்த இடத்தில் வேலை, தலைக்கு மேல் மின்விசிறி, உனக்கென்ன குறை? போன கடிதத்துக்குப் பதில் போட மூன்று வாரம் எடுத்துக்கொண்டாய். கோபமில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கிளி புத்தகம் எழுதியிருக்கிறாளாமே! கடைக்கு வருகிறவர்கள் அதையேதான் பேசுகிறார்கள். பேன்ட்டின் நீளம் குறைக்க வந்த ஒரு அம்மா, நான் குனிந்து குண்டூசி குத்திக்கொண்டிருக்கும்போது, "படிச்சீங்களா? ஒருத்தரையும் விட்டு வைக்கலையாம். யாருக்கு எங்கெங்க பஞ்சு வெச்சுத் தச்சாங்கன்னு எல்லாம் போட்டிருக்காம்" என்கிறாள். அந்தப் பஞ்சை வைத்துத் தைத்ததே இந்தக் கைதான் அம்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

எனக்குத் தாங்கவில்லையடி. அந்த சினிமா ஸ்டுடியோவின் உடையறையில் ஆறு வருஷம் நாம் மூன்று பேரும் ஒன்றாகக் கிடந்தோம். நான் தையல். நீ இஸ்திரி. அவள் எந்த உடை யாருக்குப் போகிறது என்று நோட்டில் எழுதுகிறவள், எழுதிய நேரம் போக மீதி நேரமெல்லாம் வாய். இன்றைக்கு அந்த வாய் டி.வி.யில் உட்கார்ந்துகொண்டு, இந்த நடிகை இந்தக் கழுத்துக்கு இந்தக் காலர் போடலாமா என்று கேட்கிறது, ஊரே விழுந்து விழுந்து சிரிக்கிறது. காலர் எது, கை எது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தவள் நான். அவளுக்கு வந்த வாழ்வைப் பார்த்தாயா?

கடையில் வாங்கி அவளை இன்னும் பெரியவளாக்க எனக்கு மனமில்லை. உங்கள் நூலகத்துக்கு வந்திருக்குமே. வாசகர்கள் கருத்து எழுத நீங்கள் புத்தகத்தின் கடைசியில் ஒரு பச்சைத் தாள் ஒட்டுவீர்களே, அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்து அனுப்பு. நாலு பேராவது திட்டியிருந்தால் மனசு ஆறும். அப்படியே என்னைப் பற்றி எந்தப் பக்கத்தில் வருகிறது என்றும் பார். கண்டிப்பாக எழுதியிருப்பாள். அந்த அறையில் தையல் என்றால் நான்தானே.

கடை நன்றாக ஓடுகிறது. பெயர்ப்பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்தேன். "எங்கள் தையல் பிரியாது" என்ற வரியை இன்னும் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். பழக்கம் எதையும் மாற்றவில்லை. மிஷினில் கொடுப்பதற்கு முன் கையால் போடும் ஓட்டுத் தையலுக்கு இன்றைக்கும் மஞ்சள் நூல்தான். யார் வேலை என்று தெரிய வேண்டும் என்று நம் மேஸ்திரி ஸ்டுடியோ தையல்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நிறம் பிரித்துக் கொடுத்தாரே, அது கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்பு மெலிந்திருந்தேன் என்று ஊசி என்றீர்கள். இப்போது கோணி ஊசி என்றுதான் கூப்பிட வேண்டும்.

உன் வீட்டுக்காரரின் முழங்கால் எப்படி இருக்கிறது? உடனே எழுது.

உன்,
ஊசி

மார்ச் 11

அன்புள்ள ஊசிக்கு,

மூன்று வாரக் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை எட்டே நாளில் எழுதுகிறேன், கணக்கை நேர் செய்துகொள். அவருக்கு முழங்கால் பரவாயில்லை. மாடி ஏறும்போது மட்டும் என்னைப் பார்த்து முறைக்கிறார், மாடியை நான்தான் கட்டினேன் என்பதுபோல.

புத்தகம் வந்துவிட்டது. "நான் பார்த்த முதுகுகள்" என்று பெயர். இரண்டு பிரதி வாங்கினோம். காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தோரு பேர். இந்த நூலகத்தில் இதுவரை சமையல் புத்தகத்துக்குக்கூட இத்தனை பேர் நின்றதில்லை. நீ கேட்டபடி பச்சைத் தாளில் இருப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: "பிறர் முதுகைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதுவது கண்டிக்கத்தக்கது. இரண்டு முறை படித்தேன்."

பல் டாக்டர்: "ஒரு பிரபல நடிகர், ஒரு பிரபல பாடகி என்றே எழுதினால் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தூக்கம் கெட்டதுதான் மிச்சம்."

கையெழுத்துப் போடாத ஒருவர்: "என் மனைவி இதைப் படித்துவிட்டு என் சட்டைகளில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டாள். நூலகம் பொறுப்பேற்குமா?"

ஒரு கல்லூரிப் பெண்: "படங்கள் போதாது. ஒன்பதாம் அத்தியாயம் அருமை."

நாலு பேர் திட்டியிருந்தால் ஆறும் என்றாயே, ஒன்றரை பேர் திட்டியிருக்கிறார்கள். இப்போதைக்கு இதை வைத்துச் சமாளி.

உன்னைப் பற்றி எங்கே வருகிறது என்று கேட்டாய். நான் இன்னும் முழுசாகப் படிக்கவில்லை. கையில் வந்தவுடன் அடுத்தவர் பிடுங்கிக்கொண்டு போகிறார். பெரிதாக எதிர்பார்க்காதே. அவள் நம்மையெல்லாம் எங்கே ஞாபகம் வைத்திருக்கப் போகிறாள்?

உன் மகளுக்கு வேலை மாற்றம் கிடைத்ததா? அதை எழுதவே இல்லையே நீ. கிளியைப் பற்றி இரண்டு பக்கம், பெற்ற பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை.

என்றும் உன்,
பெட்டி

மார்ச் 19

பெட்டிக்கு,

அருமை, அன்பு எல்லாம் இன்றைக்கு இல்லை.

நேற்று ஒருத்தி ஜாக்கெட் கொடுத்துவிட்டுப் பையோடு புத்தகத்தையும் கடையில் மறந்துவிட்டுப் போனாள். முன்கதவை அடைத்துவிட்டு மத்தியானம் முழுக்க வெட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்திலிருந்து என்னைத் தேடினேன். எங்கேயும் இல்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் நீ இருக்கிறாய்.

நாலு பக்கம்! "பெட்டி என்று நாங்கள் கூப்பிட்ட இஸ்திரிக்காரி, இன்று ஒரு நூலகத்தில் அமைதியாக வேலை பார்ப்பவள்." விருது விழா. மேடை ஏறப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்தப் பெரிய நடிகையின் வெள்ளை கவுனின் முதுகுத் தையல் மேலிருந்து கீழ்வரை விட்டுப்போனது. மத்தியானம் அந்த அம்மா நன்றாகச் சாப்பிட்டதால் விட்டதாம். எல்லோரும் கை பிசைந்து நிற்க, "யாரும் எதிர்பாராமல் பெட்டி முன்னால் வந்து ஊசியை எடுத்தாள்." நடிகை அதை உடுத்தியபடியே நிற்க, ஏழு நிமிஷத்தில் தைத்து முடித்தாள். அந்தக் கவுனோடுதான் நடிகை விருது வாங்கினாள். டி.வி.யில் எத்தனை தடவை பார்த்திருப்போம் அந்த முதுகை!

பெட்டி, உனக்கு ஊசியில் நூல் கோக்கவே கண் சுருங்கும். உன் சட்டைப் பொத்தான் அறுந்தால் யார் தைத்துக் கொடுத்தது? அந்த ஏழு நிமிஷம் என்னுடையது. என் விரலில் குத்தி, வெள்ளைத் துணியில் பட்டுவிடுமே என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு இடது கையால் இழுத்தேன். நீ பக்கத்தில் நின்று துணியை அமுக்கிப் பிடித்தாய். அவ்வளவுதான் நீ செய்தது.

இதையெல்லாம்விட, "இன்னும் முழுசாகப் படிக்கவில்லை" என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. அந்தக் கல்லூரிப் பெண் ஒன்பதாம் அத்தியாயம் அருமை என்றதை உன் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறாய்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. பற்றிக்கொண்டு எரிகிறது. கிளிமேல் இருந்ததெல்லாம் சும்மா வாய்ப்பேச்சு, அவள் எங்கேயோ இருக்கிறாள். நீ என் பக்கத்தில் நின்றவள். எனக்கு வாழ்க்கையில் பெரிதாக என்னடி இருக்கிறது? நாள் முழுக்க அடுத்தவர் பேன்ட்டை மடித்துத் தைக்கிறேன். சொல்லிக்கொள்ள ஒரே ஒரு ஏழு நிமிஷம் இருந்தது. அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

பதில் எழுது. முழங்கால் கதையெல்லாம் வேண்டாம்.

ஊசி

மார்ச் 27

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ திட்டியதில் நியாயம் இருக்கிறது.

படிக்கவில்லை என்றது பொய்தான். மன்னித்துக்கொள். கிளி எதையோ எதிலோ கலந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளேன். இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் வேறு ஒரு புத்தகம் வரும், இந்த நாற்பத்தோரு பேரும் அதற்கு வரிசையில் நிற்பார்கள், யாருக்கும் பெட்டியும் ஞாபகம் இருக்காது, கவுனும் ஞாபகம் இருக்காது. நீ இதைக் கிளறாதே. உனக்காகத்தான் சொல்கிறேன்.

நான் இதைக் கேட்டு வாங்கவில்லை. நேற்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையா?" என்று கேட்டுக் கண் கலங்கிவிட்டாள். தேதி முத்திரையைக் குத்திப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

கோபம் தணிந்ததும் எழுது. ஊசி, தயவுசெய்து இதைக் கிளறாதே.

உன்,
பெட்டி

ஏப்ரல் 8

பெட்டிக்கு,

டீச்சர் உன் கையைப் பிடித்தாளா? பேஷ். அடுத்து மாலை போடுவார்கள். கழுத்தை நீட்டிக்கொண்டு நில்.

உனக்காகத்தான் சொல்கிறேன் என்கிறாய். எனக்காக என்றால் அந்த டீச்சரிடமே ஒரு வார்த்தை, "நான் இல்லைங்க, என் சிநேகிதி" என்று சொல்லியிருக்கலாமே. நாலே சொல். அதற்கு உனக்கு வாய் வரவில்லை.

நான் கிளறிவிட்டேன். வாரப் பத்திரிகையில் வாசகர் பக்கம் இருக்கிறதல்லவா, இந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் நாலு வாரமாக ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நானும் எழுதினேன். "விவரம் தெரிந்தவள்" என்று கையெழுத்து. போன ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, ஒரு எழுத்துகூட வெட்டவில்லை. நீ பார்த்திருக்காவிட்டால் இதோ:

"நூலாசிரியை ஊருக்கெல்லாம் உடையில் குறை சொல்கிறார். அவர் நூலின் ஒன்பதாம் அத்தியாயமே ஒட்டுப்போட்ட பொய். இஸ்திரி போட்டவள் தைத்தாளாம்! அந்த அறையில் ஒரு தையல்காரி இருந்தாள். அன்று நடந்தது என்ன என்று நூலாசிரியை முழுவதும் சொல்லத் தயாரா?"

எப்படி? கடைக்கு வந்த இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு, "யாரோ செம்மையா கேட்டிருக்காங்க" என்றார்கள். ஒரு வாரமாகச் சாப்பாடு ருசியாக இருக்கிறது.

இனி உன் முறை. உங்கள் பச்சைத் தாளில், உன் கையால், "தைத்தது நானில்லை" என்று எழுது. எழுதிவிட்டு எனக்குத் தெரிவி. எழுத மாட்டாய் என்றால் இனி உன் கடிதத்தை நான் பிரிக்கப் போவதில்லை. முப்பத்து மூன்று வருஷச் சிநேகம் என்று பார்க்க மாட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான் என்பது உனக்குத் தெரியும்.

ஊசி

ஏப்ரல் 15

என் ஊசிக்கு,

பிரிக்க மாட்டேன் என்றாய். இந்தக் கடிதத்தை மட்டும் பிரி. உறைக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அதைத் திற.

போன வருஷம் கிளி நூலகத்துக்கு வந்தாள். உனக்கு நான் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகம் எழுதுவதாகவும், விருது விழாக் கதைதான் அதில் பெரிய விஷயம் என்றும் சொன்னாள். "அன்னிக்கு கவுன் ஏன் விட்டுச்சுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள். நான் எனக்குத் தெரியாது என்றேன். அவள் சிரித்தாள். "நீ கீழ குனிஞ்சு எதையோ பொறுக்கி மடியில வெச்சே. நான் பார்த்தேன். மஞ்சளா இருந்துச்சு" என்றாள்.

ஊசி, அந்த முதுகில் மிஷின் தையலே இல்லை. நீ உள்பக்கம் ஓட்டுத் தையல் மட்டும் போட்டு வைத்திருந்தாய், அதன்மேல் மிஷின் ஓட்ட விட்டுப்போயிருந்தது. நடிகை சாப்பிட்ட சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ அவள் முதுகில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தபோது அறுந்த மஞ்சள் நூலெல்லாம் தரையில் கிடந்தது. மேஸ்திரி உள்ளே வந்துகொண்டிருந்தார். அவர் பார்த்தால் நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஒரு கையால் துணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் நூலைப் பொறுக்கினேன். நான் செய்தது அவ்வளவுதான் என்று எழுதினாயே, இன்னும் கொஞ்சம் இருந்தது.

தையல்காரியின் அலட்சியம், பிறகு அவளே வீராங்கனையானது என்று எழுதத்தான் கிளி வந்திருந்தாள். உன் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்தே அத்தியாயத்தை முடிக்கப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். "தச்சவ யாருன்னு எழுதினா விட்டவ யாருன்னும் எழுதணும். ரெண்டும் ஒரே ஆள்தானே" என்றாள். "அப்போ தச்சது நான்னு போட்டுக்கோ" என்றேன். அவளுக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. இஸ்திரிக்காரி ஊசி எடுத்தாள் என்றால் படிக்க நன்றாக இருக்குமாம்.

உனக்கு இதை எப்படிச் சொல்வது? சொன்னால் நீ மஞ்சள் நூலைத் தொடும்போதெல்லாம் உனக்கு அது உறுத்தும் என்று நினைத்தேன். அதனால் படிக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ தியாகி மாதிரி ஆகிவிடுவேன். அந்த டீச்சர் கையைப் பிடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் கையைப் பார்த்து எனக்கு எப்போதும் பொறாமைதான். ஆறு வருஷம் நீ தைத்ததை நான் சூடு காட்டித் தேய்த்துக் கொடுத்தேன், நடிகைகள் உன் கையைத்தான் பாராட்டினார்கள். ஒரு தடவை யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தது. நாலு சொல் சொல்லியிருக்கலாமே என்றாய். சொல்லியிருக்கலாம். சொல்ல விருப்பமில்லை, அதுதான் உண்மை.

உன் பத்திரிகைக் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கிளி நேற்றுப் போன் செய்தாள். விவரம் தெரிந்தவள் யார் என்று அவளுக்கா தெரியாது? "முழுசா சொல்லத் தயாரான்னு கேட்டிருக்கா. இன்னும் பத்து நாள்ல என் டி.வி. நிகழ்ச்சி இருக்கு. சொல்லிடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று மறுபடி கெஞ்சினேன். பார்ப்போம் என்றாள். அவள் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

பச்சைத் தாளில் எழுதச் சொன்னாய். "தைத்தது நானில்லை" என்று நேற்றே எழுதிவிட்டேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை.

இனிப் பொட்டலத்தைத் திற. தோழிக்குத் தோழி கொடுக்கிற பொருள் இல்லைதான். தூக்கிப் போட மனம் வரவில்லை.

உன்,
பெட்டி

ஏப்ரல் 21

என் பெட்டிக்கு,

கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே பொட்டலத்தைத் திறந்துவிட்டேன். நீ சொல்லி நான் என்றைக்குக் கேட்டேன்?

எனக்கு மறந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லையடி. அன்று காலையில் மிஷினில் நூல் தீர்ந்தது. மாற்ற எழுந்தேன். மேஸ்திரி வேறு ஒரு சட்டையின் கையைத் தைக்கக் கூப்பிட்டார், போனேன், திரும்பி வந்தபோது கவுன் அங்கே இல்லை. முடித்துவிட்டேன் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். மேடைக்குப் பின்னால் அந்த முதுகு விட்டபோது எனக்குத் தெரிந்துபோயிற்று. ஏழு நிமிஷத்தில் தைத்தேன் என்று பீற்றிக்கொள்கிறேனே, அது திறமை பாதி, பயம் பாதி. முடித்த பிறகு தரையெல்லாம் தேடினேன். ஒரு துண்டு மஞ்சள் இல்லை. யாரோ பெருக்கிவிட்டார்கள், தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கடை போட்டபோது பலகையில் அந்த வரியை எழுதச் சொன்னது எதனால் என்று உனக்கு இப்போது புரியும்.

நான் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி, யாருக்கும் தெரியாது என்று இருந்தேன். அத்தனை நாளும் அது உன் அலமாரியில் இருந்திருக்கிறது.

நூலை அளந்து பார்த்தேன், பழக்கதோஷம். சின்னதும் பெரிதுமாகப் பதினொரு துண்டு. ஒன்றைக்கூட விடவில்லை நீ. ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு எப்படியடி பொறுக்கினாய்?

கிளியின் பார்ப்போமுக்காக நான் காத்திருக்கப் போவதில்லை. நடந்தது எல்லாவற்றையும் பத்திரிகைக்கு எழுதிப் போட்டுவிட்டேன். இந்த முறை விவரம் தெரிந்தவள் இல்லை, கடை முகவரியோடு. பெயின்ட்காரரைக் கூப்பிட்டுப் பலகையின் அந்த வரியையும் அழிக்கச் சொன்னேன். "ரெண்டு மாசம்கூட ஆகலையே, நல்ல பெயின்ட்ங்க" என்று அங்கலாய்த்தார். இன்று இரண்டு பேர் துணி கொடுக்காமல் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். போகட்டும். கை இருக்கிறது, மிஷின் இருக்கிறது, நாளைக்கு வருவார்கள்.

உனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. அந்த டீச்சர் மறுபடி வந்தால் கையைக் கொடு. தப்பான கையை ஒன்றும் அவள் பிடிக்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. முன்னைவிட மோசம். ஏழு நிமிஷம் தைத்தது நான். இருபத்தேழு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது நீ. அதிலும் நீயே பெரிய ஆளாகிவிட்டாய். எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

இதோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். பச்சைத் தாளில் ஒட்டு. இடமில்லை என்று அடியில் எங்கேயாவது ஒட்டிவிடாதே. தலைமையாசிரியருக்கு மேலே ஒட்டு.

மே மாதம் கடைக்கு நாலு நாள் லீவு. வருகிறேன். வந்தால் உன் வீட்டில்தான், உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தும் முறைக்கட்டும். அறுந்த பொத்தான் எல்லாவற்றையும் எடுத்து வை.

உன்,
ஊசி

(சீட்டு)

"ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு தவறு இருக்கிறது. கவுனைத் தைக்காமல் விட்டவளும் நான், பிறகு தைத்தவளும் நான். பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டவள் பெட்டி. மற்றபடி புத்தகம் சுமார். — அந்த அறையின் தையல்காரி."